பாலத்துக்குள் பனி

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் பாலத்தின் வரலாற்றை வாசிக்கும் வேலையை டிசம்பரிலேயே லைமனிடம் கொடுத்திருந்தார்கள். அவன் பள்ளிக்கூட வாத்தியார்; அந்த வெர்மான்ட் கிராமத்தில் கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். மரப்பாலத்தைப் பிரித்துவிட்டு இரும்பில் போடலாமா என்று அன்று வாக்கெடுப்பு. எல்லாம் எழுதியாகிவிட்டது, பிப்ரவரியைத் தவிர. அதைச் சொல்வதா விடுவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

கூரை போட்ட பாலத்துக்குள் பனி விழாது. குளிர்காலம் முழுக்க வெளியிலிருந்து அள்ளி உள்ளே பரப்ப வேண்டும். இல்லையென்றால் குதிரை இழுக்கும் சறுக்குவண்டியின் அடியிலுள்ள இரும்புப் பட்டை வெறும் பலகையில் பிடித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஊர் ஆண்டுதோறும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும். பல ஆண்டுகளாக ஆரின்தான். பிப்ரவரியில் ஆலை முதலாளி, தன் மோட்டார் கார் வழுக்குகிறது என்று சொல்ல, ஆரின் பனியைப் பலகை தெரிய வழித்துவிட்டான். அன்று மாலை லைமனின் மனைவி கோராவுக்குப் பிரசவ வலி கண்டது. டாக்டரின் சறுக்குவண்டி பாலத்துக்குள் சிக்கி நின்றது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்து வந்தபோது, கோராவும் இல்லை, குழந்தையும் இல்லை.

கூட்ட வாசலில் ஆரின் நின்றிருந்தான்.

"என் பேரு அதுல இருக்கா, வாத்தியாரே?"

"இல்ல."

"இருந்தா இருக்கட்டும்."

லைமன் வாசித்தான். திறப்பு நாளில் ஊர் மாடுகளையெல்லாம் பாலத்தின் மேல் ஓட்டச் சொல்லிவிட்டு, அதைக் கட்டிய தச்சன் தன் வேலையை நம்பி அடியில் படகில் உட்கார்ந்திருந்தான். பழைய ஆலையை அடித்துக்கொண்டுபோன வெள்ளம் பாலத்தை விட்டுவிட்டுப் போனது. அதோடு தாளை மடித்தான்.

"மிச்சத்தையும் படிங்க," என்றான் ஆரின், எழுந்து.

"மிச்சம் எழுதல."

கூட்டத் தலைவர் வில்லர்ட் சுத்தியலைத் தட்டினார். "ஆரின், தீர்மானத்தப் பத்தி மட்டும் பேசு."

"அதத்தான் பேசறேன். பாலம் ஒண்ணும் பண்ணல. பனிய வழிச்சது நான்."

உட்கார்ந்துவிட்டான். பாலம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அடுத்தது பனி போடும் ஆள்.

"ஊரு உலகமெல்லாம் பனிய வெளிய தள்ளுது, நாம உள்ள தள்ள ஆள் தேடறோம்," என்றது பின்வரிசை. வருடாவருடம் சொல்வதுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரோ பழக்கத்தில் ஆரின் பெயரைச் சொன்னார்கள்.

"சம்மதம்னா 'ஆம்' சொல்லுங்க."

கூடம் முழுக்க ஒலித்தது.

"மறுக்கிறவங்க?"

"வேண்டாம்."

குரல் தன்னுடையது என்பது லைமனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

வில்லர்ட் அவனையே பார்த்தார். "'ஆம்'தான் அதிகம்," என்றார் மெதுவாக.

ஆரின் தொப்பியை எடுத்துக்கொண்டான். "எனக்கு அந்த ஒரு 'வேண்டாம்' போதும். வேற ஆளப் பாருங்க." கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

"யாராவது வர்றீங்களா?" வில்லர்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். நாளைக் காலையில் பால் வண்டிகள் பாலத்தைக் கடந்து போக வேண்டும். ஒருவரும் எழவில்லை.

தான் சொன்ன 'வேண்டாம்' பற்றி நிம்மதியோ வருத்தமோ ஏதாவது தோன்றும் என்று லைமன் காத்திருந்தான். பக்கத்து அறையிலிருந்து, கூட்டத்தின் சாப்பாட்டுக்காக அவரைக்கொட்டை வேகும் வாசனை வந்தது. பசித்தது, அவ்வளவுதான்.