இருபது விநாடி வெடிப்புகள்

கேமராக்காரர் தன் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்தபோது கூட்ட அறையில் ஏழு பேர் இருந்தார்கள். மாப்பிள்ளை என்றால் கூடப்பிறந்த தங்கையின் புருஷன். கையைக் காலைப் பிடித்து அவனை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

மூன்று வருடம் உழைத்து அவர் செய்த கேமரா, ராக்கெட்டில் ஏறி ஆறே நிமிடம் சூரியனைப் படம்பிடித்து இறங்கியிருந்தது. படங்களில் சூரியனின் வளிமண்டலமெங்கும் குட்டிக் குட்டி வெடிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடிதான் ஆயுசு. சூரியனின் மேற்பரப்பைவிட அதன் வளிமண்டலம் ஏன் பல மடங்கு கொதிக்கிறது என்பதற்கு இந்தப் பொடிசுகள் பதில் சொல்லக்கூடும். ஆனால் மாப்பிள்ளை எழுதிய புரோகிராம், படங்களைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் வழித்துத் துடைத்துவிட்டது.

"அது வெடிப்பு இல்ல மச்சான். உங்க கேமராவோட அழுக்கு."

யாரோ சிரித்தார்கள். அவருக்குச் சுர்ரென்று தலைக்கேறியது.

முதல் குத்தில் மாப்பிள்ளையின் உதடு கிழிந்தது. அடுத்ததில் பல் தெறித்தது. அவனும் சும்மா இருக்கவில்லை. இரும்பு ஸ்டூலைத் தூக்கி வீசினான். கண்ணாடித் தடுப்பு நொறுங்கி அவர் முழங்கையைக் கிழித்தது. அவனைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, தாடை உடையும்வரை அடித்தார். காவலாளிகள் இருவர் சேர்ந்துதான் பிய்த்தெடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் போனதும், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். அதே ராக்கெட்டில் வேறொரு குழுவின் கேமராவும் போயிருந்தது. புரோகிராம் தொடாத மூலப் படங்களை, இரண்டிலிருந்தும் எடுத்து அருகருகே ஓடவிட்டார். அதே இடம், அதே விநாடி, அதே வெடிப்புகள்.

ஆய்வகத்தின் இயக்குநர் அம்மா குனிந்து பார்த்தார். "ரெண்டு கேமராவுலயும் ஒரே இடத்துல அழுக்கு விழாது. நீங்க சொன்னது சரிதான். இதை முதல்லயே காட்டியிருக்கலாமே?"

அவர் கையில் சுற்றிய துணியை இறுக்கிக் கட்டினார்.

"ஆய்வுக் கட்டுரையில உங்க பேர் வரும். வேலை மட்டும் இனிமே இல்ல."

மருத்துவமனை வராந்தாவில் தங்கை வழிமறித்தாள். "சூரியன்ல நெருப்பு இருக்குன்னு கண்டுபிடிக்க என் புருஷன் பல்லுதான் கிடைச்சுதா அண்ணா?"

உள்ளே, தாடைக் கட்டோடு கிடந்தவன் காகிதத்தில் கிறுக்கி நீட்டினான்: "புரோகிராமைத் திருத்தி அனுப்புறேன். நீங்க வெளிய போங்க."

அவர் போனார்.