எர்சீலியா வீட்டைக் கடக்கும்போது

1

என்னிடம் கேட்டது வரலாறு. நான் எழுதிக்கொண்டிருப்பது கதை. இந்த மோசடியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ரொக்கவேர்னா நகராட்சி பேண்டுக்கு இந்த வருஷம் நூற்றைம்பது வயது. திருநாளுக்குள் நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் வேண்டும் என்று பேண்டுத் தலைவர் துல்லியோ என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த மலையூரில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. பாடம் நடத்தியதே இல்லை என்றாலும் ஊருக்கு நான் டீச்சர்.

"நீங்க எந்நேரமும் ஏதோ எழுதிட்டிருக்கீங்களாமே டீச்சர். தபால்காரர் சொன்னாரு. அதோட எங்களையும் எழுதிடுங்க."

[துல்லியோ பெரிய டிரம் அடிப்பவர். எழுபது வயது. அவர் வயிறும் டிரம்மும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடப்பதாக ஊரில் கேலி உண்டு. அவரே சொல்லிச் சிரிப்பார்.]

2

முதல் தொடக்கம் இது:

"1874ஆம் வருஷம் கலைக்கப்பட்ட ஒரு படைப்பிரிவின் பதினோரு பித்தளை வாத்தியங்கள் கோவேறு கழுதைகள் மேல் ஏறி ரொக்கவேர்னாவுக்கு வந்தன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. ஒரு நாவிதர், இரண்டு செருப்புத் தைப்பவர்கள், ஒரு—"

நிறுத்திவிட்டேன். வாக்கியத்தில் குறை இல்லை. ஆனால் இதில் வருகிற எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இரண்டாவது:

"1902இல் பேண்டு இரண்டாக உடைந்தது. பாதிரியார் பக்கம் பாதி, நகர்த்தலைவர் பக்கம் பாதி. இரண்டு கோஷ்டியும் ஒரே மெட்டை இரண்டு தெருக்களில் வாசித்துக்கொண்டு வந்து, சதுக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றன. எட்டு வருஷம் கழித்து ஒன்றாகச் சேர்ந்தன."

எப்படிச் சேர்ந்தன? ஆவணங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. சண்டை போட்டவர்கள் பெயர் பட்டப்பெயரோடு இருக்கிறது. யாரோ ஒருவர் முதலில் இறங்கி வந்திருக்க வேண்டும். அந்த ஒருவரின் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஆளைத்தான் நான் எழுத ஆசைப்பட்டேன். 1910இல் அவர் அகப்படாததால் இந்தக் காலத்தில் தேட ஆரம்பித்தேன்.

3

பேண்டுக் கூடத்து அலமாரியில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. துக்க வீடுகளின் நோட்டு.

ஆகஸ்ட் ஐந்து, எங்கள் காவலர் புனித எமீதியோவின் திருநாள். பூமி அதிராமல் பார்த்துக்கொள்பவர். அன்று காலை பேண்டு கோயிலிலிருந்து கிளம்பி, ஒரு தெரு விடாமல் வாசித்துக்கொண்டே போகும். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு வந்தால் வாத்தியங்கள் நின்றுவிடும். பெரிய டிரம் மட்டும் நடைக்குத் தாளம் கொடுக்கும். வீட்டைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து மெட்டு தொடரும். துக்கத்தை முடித்துக்கொள்ள நினைக்கிற வீட்டார் அடுத்த திருநாளுக்குள் சோம்பு போட்ட வளைய ரொட்டி ஒரு தட்டு நிறையச் சுட்டுக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தட்டு வந்தால் நோட்டில் பெயர் கோடு போட்டு அடிக்கப்படும். வராவிட்டால் அடிக்கப்படாது; அடுத்த திருநாளிலும் அந்த வீட்டின் முன் வாத்தியங்கள் நிற்கும்.

இந்த வருஷத்து மூன்று வீடுகளைத் தவிர, நோட்டில் அடிக்கப்படாத பெயர் ஒன்றே ஒன்று. 1987, செப்டம்பர். நட்ஸரேனோ வீடு, கிணற்றுச் சந்து.

நட்ஸரேனோ பொம்பார்தீனோ வாசித்தவர். மடியில் வைத்துக் குழந்தையைப் போல அணைத்து ஊதும் பித்தளை வாத்தியம், ஆண்குரலில் பாடும். அந்த வருஷத் திருநாளுக்கு முந்தின ஒத்திகையில் அவருடைய தனி வாசிப்பை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் வாத்தியத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியேறினார். மறுநாள் சீருடைத் தொப்பியையும் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் திராட்சைத் தோட்டத்தில் மாரடைப்பு. உறுப்பினர்களின் அடக்கத்துக்குத்தான் பேண்டு வாசிக்கும். தொப்பியைத் திருப்பியவர் உறுப்பினர் இல்லை. பேண்டு போகவில்லை.

முப்பத்தாறு திருநாளாக அவர் மனைவி எர்சீலியா வீட்டின் முன் பேண்டு மௌனமாகக் கடக்கிறது. சேர்ந்து கொஞ்ச நாளே ஆன வாசிப்பாளர்கள் மெட்டே அந்த இடத்தில் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

4

முதல் வரைவில் துல்லியோவைக் கல்நெஞ்சுக்காரராக எழுதினேன். "ஒரு பெயரின் மேல் கோடு போடக் கை வராத மனிதர்" என்று ஒரு வரி. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. பிடித்துப்போனதாலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எர்சீலியாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தோரு வயது. முற்றத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் கயிறு கட்டிய பெட்டிகள்.

"செப்டம்பர்ல டூரின் போறேன், டீச்சர். மக வீட்டோட. அஞ்சாவது மாடி. அங்க பேண்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காருங்கதான் வாசிக்கும்."

புத்தகத்துக்கு நட்ஸரேனோவின் படம் வேண்டும் என்றேன். பீன்ஸ் கையிலேயே நின்றது.

"துல்லியோவக் கேட்டியா? அவன் ஒத்துக்கிட்டானா?"

"அவர்தான் என்னை அனுப்பினார்."

"அப்ப அவனுக்கு மறதி வந்துடுச்சு, பாவம்." நாலு பீன்ஸ் வேகமாக உரிந்தன. "என் வீடு வந்தா மட்டும் அத்தனை பேருக்கும் வாய் கட்டிப்போகுது. முதல் வருஷம் துக்கத்துக்குன்னு நினைச்சேன். ரெண்டாவது வருஷமும் வாசிக்கல. அப்பதான் புரிஞ்சுது, மனுஷன் மண்ணுக்குள்ள போயும் இவனுங்க கோவம் தீரலன்னு. அந்தத் துல்லியோ டிரம்மைக்கூட ஒழுங்கா அடிக்கிறதில்ல. பூனைக்குட்டியத் தடவுற மாதிரி தடவிட்டுப் போறான். இந்த வாசலுக்கு ஒரு நல்ல அடி கொடுக்கக்கூட மனசு வரல அவனுக்கு."

"நீங்க தட்டு அனுப்பலையே, அக்கா?"

"யாருக்கு? அடக்கத்துக்கு வராதவங்களுக்கா?" உரித்த தொலியை ஒதுக்கித் தள்ளினாள். "ஏழெட்டு வருஷம் கழிச்சு ஒரு தடவை சுட்டேன். அப்புறம் யோசிச்சேன். இத்தனை நாள் கழிச்சுத் தட்டைத் தூக்கிட்டுப் போனா ஊரே சிரிக்காதா? நானே தின்னேன். ஒரு வாரம் ஆச்சு தின்னு முடிக்க."

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னாடி இந்த வாசல்ல ஒரே ஒரு தடவை வாசிக்கணும். அவ்வளவுதான் எனக்கு. ஆனா நான் கேக்க மாட்டேன். நீயும் இத எழுதிடாத."

[எழுதியிருக்கிறேனே என்று கேட்பீர்கள். பிறகு அனுமதி கிடைத்தது. வரும்.]

5

துல்லியோவிடம் டிரம்மைப் பற்றி மட்டும் கேட்டேன். கிணற்றுச் சந்தில் ஏன் அத்தனை மெதுவாக அடிக்கிறார்?

"அடிக்கிறதா? குச்சிய இடுப்புல செருகிட்டு உள்ளங்கையால தட்டுறேன், டீச்சர். அந்தக்கா நெஞ்சு புண்ணா கிடக்கு. அது மேல போய் டமார்னு அடிப்பாங்களா? முப்பத்தாறு வருஷமா அப்படித்தான். அவங்களுக்கே தெரியாது."

"பெயரை நீங்களே அடித்துவிட்டால் என்ன?"

"நான் யாரு அடிக்க? துக்கம் அவங்களோடது. தீந்துதுன்னு அவங்கதான் சொல்லணும். தட்டு வரல. வராது. எப்படி வரும்?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடக்கத்தன்னிக்குப் பதினேழு பேரு இந்தக் கூடத்துல சீருடை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். வாத்தியம் மடியில. வாங்கடான்னு அப்ப இருந்த தலைவர் ஒரு வார்த்தை சொன்னா ஓடியிருப்போம். அவரு விதிப் புத்தகத்தையே பார்த்துட்டிருந்தாரு. கோயில் மணி அடிச்சு ஓஞ்சுது. எந்திரிச்சு அவனவன் வீட்டுக்குப் போனோம். விதிய மீறிப் போயிருக்கலாம்ல? ஒருத்தனுக்கும் முதல்ல எந்திரிக்கத் தைரியம் இல்ல. எனக்கும்தான்."

வீட்டுக்கு வந்து அந்தக் கல்நெஞ்சு வரியை அடித்தேன். இரண்டு கோடு போட்டேன். ஒரு மனிதரைப் பற்றித் தவறாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க எழுத்தில் இருக்கும் ஒரே வழி அதுதான்.

6

கதை எழுதுகிறவர் கதைக்குள் கையை விடக்கூடாது என்பார்கள். பாத்திரங்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், எழுதுகிறவர் கரையில் நின்று கவனிக்க வேண்டும். ஏற்கக்கூடிய கொள்கைதான். ஆனால் கரையில் நிற்பவரின் கையில் கயிறு இருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லித்தரவில்லை.

எர்சீலியா எழுதாதே என்றுதான் சொன்னாள். சொல்லாதே என்று சொல்லவில்லை. இது வக்கீல் பேச்சு என்று எனக்கும் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். பாதிரியார் திரைக்குப் பின்னால் சிரித்தார். ஒரு ஜெபமாலையோடு விட்டுவிட்டார்.

துல்லியோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டது இதை மட்டும்தான்:

"பூனைக்குட்டின்னா சொன்னாங்க?"

7

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். நான்கில் அலங்காரம் கூடிவிட்டது. பார்த்ததை மட்டும் வைக்கிறேன்.

ஆகஸ்ட் இரண்டு, காலை பதினோரு மணி. கல் வெடிக்கிற வெயில். துல்லியோ கம்பளிச் சீருடை, தொப்பியோடு கிணற்றுச் சந்தில் ஏறுகிறார். கையில் துணி மூடிய தட்டு. பின்னால் நான். கதவைத் தட்டுகிறார்.

"என்னடா வேஷம் இது? திருநாளுக்கு இன்னும் மூணு நாள் இருக்கே."

"தட்டு கொண்டாந்திருக்கேன்க்கா."

"தட்டு வீட்டுலேர்ந்து கூடத்துக்குப் போகும். கூடத்துலேர்ந்து வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்ல."

"எங்க பக்கமும் ஒரு துக்கம் இருந்துச்சுக்கா." அவர் தொப்பியைக் கழற்றப் பார்த்தார். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் முடியவில்லை. "அன்னிக்கு வராமப் போனோமே, அந்தத் துக்கம். யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும். இப்ப முடிச்சுக்கலாமான்னு கேக்க வந்தேன்."

எர்சீலியா துணியை விலக்கிப் பார்த்தாள்.

"அடி கருகியிருக்கு."

"பொண்டாட்டி சுட்டா."

"அவ மேல போடாத. அடுப்ப நீ பார்த்துட்டு இருந்திருப்ப."

ஒன்றை எடுத்துக் கடித்தாள். வாசலில் நின்றபடியே முழுவதையும் தின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே இருந்தது. துல்லியோ வெயிலில் நின்றார்.

"அக்கா, நான் போகவா, நிக்கவா?"

"போடா! சீருடையில வேர்வை நாத்தம் ஏறிடும்," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

நான் மட்டும் உள்ளே போனேன். அவள் சொன்னதைத் துல்லியோவிடம் சொல்லிவிட்ட குற்றத்தை ஒப்புக்கொண்டேன். எர்சீலியா என்னைத் திட்டினாள். அதை எழுத வேண்டியதில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதினா எழுதிக்கோ. முடிவ மட்டும் நீ எழுதாத. நானே இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல," என்றாள்.

8

இருந்தும் எழுதிப்பார்த்தேன். பழக்கதோஷம்.

ஒரு முடிவு: ஆகஸ்ட் நான்கு, எர்சீலியாவின் தட்டு கூடத்துக்கு வருகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். [கிழித்துவிட்டேன். என் அவசரத்துக்காக அவளை ஓடவைக்கிறேன்.]

இன்னொரு முடிவு: தட்டு வரவில்லை. பேண்டு வழக்கம்போல மௌனமாகக் கடக்கிறது. அவள் பெட்டிகளோடு டூரின் போகிறாள். [இதையும் கிழித்தேன். இப்படி முடித்தால் கதை கனமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் நான் இதை நம்பவில்லை. ஆண்டவர் நடத்தும் உலகத்தில் கருகிய ரொட்டிகூட முழுக்க வீணாவதில்லை.]

உண்மையில் நடந்தது: மூன்றாம் தேதி தட்டு வரவில்லை. நான்காம் தேதியும் வரவில்லை. துல்லியோ இரண்டு நாளும் கூடத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

9

இன்று ஐந்தாம் தேதி. எட்டு மணிக்குக் கோயில் வாசலில் துல்லியோ வழக்கம்போல நோட்டைப் பிரித்து வாசித்தார். மூன்று வீடுகள். நான்காவதற்கு வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

"கிணற்றுச் சந்துல நிறுத்தணுமா, வாசிக்கணுமா?" என்று கிளாரினெட்காரர் ஒருவர் கேட்டார். "தலைவரே, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. மூச்சு வச்சுக்கணும்ல?"

"வாசல் வந்ததும் அந்தக்கா முகத்தப் பாருங்கடா," என்றார் துல்லியோ. "நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் போச்சு."

நான் குறுக்கு வழியில் முன்னாலேயே வந்துவிட்டேன். எர்சீலியா வீட்டுக்குள், அவளுக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து மடியில் வைத்து இதை எழுதுகிறேன். அவள் வாசற்படியில் நிற்கிறாள். கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்பதால் எனக்குத் தெருவும் தெரியவில்லை, அவள் முகமும் தெரியவில்லை.

ஆகவே இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேண்டோடு நடந்து வருகிறீர்கள். இரண்டாவது வரிசையில், இடது ஓரம், கையில் பொம்பார்தீனோ. மெட்டு நடுவில் இருக்கிறது. சந்து திரும்பியாகிவிட்டது. பக்கத்தில் துல்லியோ குச்சியை ஓங்கவும் இல்லை, இடுப்பில் செருகவும் இல்லை. அவள் முகம் உங்களுக்கு நேரே இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று நான் எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் பார்க்க முடியாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் கட்டிய அவள் கைகளில், ஒரு விரல் மட்டும் மணிக்கட்டின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் மெட்டுக்குத்தான்.

இன்னும் ஆறடி. மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள்.