சதை பிடிக்க ஒரு மாத்திரை

"பொண்ணு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சதை பிடிக்கட்டும், வந்து பேசி முடிச்சிருவோம்."

பாலவனத்தத்திலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்த ரைஹானா மாமி, எங்கள் வீட்டுச் சமோசாவைத் தின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் காட்டில் பருத்திச் செடியே ஒல்லியாகத்தான் நிற்கும். பெண் மட்டும் கொழுகொழுவென்று வேண்டுமாம்.

அம்மா அருப்புக்கோட்டை மருந்துக் கடையொன்றில் மாத்திரை வாங்கி வந்தாள். டாக்டர் சீட்டை யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் தின்றேன். முகம் பூசணிக்காயாய் உருண்டது.

"இப்பத்தான் லட்சணமா இருக்கா" என்று பூரித்து, மாமி எனக்கு மாமியார் ஆனார்.

புகுந்த வீட்டில் எப்படி ஒளித்து விழுங்குவது? நிக்காஹ் அன்றே நிறுத்திவிட்டேன். பத்தாம் நாள் வாந்தியெடுத்து அடுப்படியில் மயங்கி விழுந்தேன். "நோயாளியைத் தலையில கட்டிட்டாக" என்று மதுரை போய்ச்சேரும் வரை காரில் மாமி ஏசிக்கொண்டே வந்தார்.

மாத்திரை விஷயத்தை என்னிடம் கேட்டறிந்து ஹார்மோன் டாக்டர் விளக்கினார். "அது ஸ்டீராய்டு. உடம்புல தானாச் சுரக்க வேண்டியது வெளியிலருந்தே கிடைச்சதால, சுரப்பிக்கு உத்தரவு போடுறதையே மூளை நிறுத்திருச்சு. திடீர்னு விட்டதுல உசுரே போயிருக்கும். இனிமே மறுபடியும் குடுத்து, கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும். யாரும்மா இதைத் திங்கச் சொன்னது?"

நான் மாமியைப் பார்த்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டாக்டரிடம் கேட்டார்:

"முழுசா நிறுத்திட்டா, பழையபடி ஒல்லியாயிருவாளா?"