பஸ் சக்கரத்து நட்டு

"என்ன டிரைவரம்மா, இன்னைக்கு நட்டைக் காணோம்? திரும்ப பஸ்ஸுலயே மாட்டிட்டியா?" என்றான் டுவெய்ன். பக்கத்தில் இருந்த லைல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நட்டு என் ஸ்வெட்டர் பையில்தான் இருந்தது.

ஓக்லஹோமாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தக் கேசினோவில் போக்கர் போட்டி. கையில் வரும் இரண்டு சீட்டின் மேல் ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொள்வோம். மூடாமல் கிடந்தால், வேண்டாமென்று போட்ட சீட்டென வாரிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பழைய சக்கரத்து நட்டு. போன வாரம் பின்னால் நின்று பார்த்த என் வீட்டுக்காரர் கர்ட்டிஸ்தான் சொன்னார்: "நல்ல சீட்டு வந்தா நீ அந்த நட்டை எடுத்து உருட்டுற, வெர்னா. டுவெய்ன் அதைப் பாத்துதான் ஒதுங்கிக்கிறான்." நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் என் கையே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது!

இன்று ஜெயிப்பவருக்கு மாநிலப் பெரிய போட்டியில் இடம். "இன்னைக்கும் தோத்தா இனிமே சீட்டைத் தொடமாட்டேன்" என்று காலையில் கர்ட்டிஸிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்படியெல்லாம் சொல்லாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

மற்றவர்கள் தோற்று எழுந்துபோக, மிஞ்சியது டுவெய்ன், லைல், நான் மூன்று பேர். எனக்கு இரண்டு ராஜா வந்தது, லேசில் வராத நல்ல சீட்டு. டுவெய்ன் ஒரு குவியல் பந்தய வில்லைகளை முன்னால் தள்ளினான். என்னிடமிருந்ததில் பாதியைத் தள்ளி ஈடுகட்டினேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன், உருட்ட ஒன்றுமில்லை. லைல் ஆட்டம் வேண்டாமென்று சீட்டை வீசினான். அது சறுக்கி வந்து என் சீட்டில் இடித்தது. சீட்டுப் போடும் கெண்ட்ரா வேலைக்குப் புதுசு. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அள்ளிவிட்டாள்.

"ஐயோ, அது என்னுது!"

மேற்பார்வையாளர் வந்தார். "மூடாம வெச்ச சீட்டும்மா. போனது போனதுதான்." டுவெய்ன் என் வில்லைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டான். கெண்ட்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதே கண்ணு, தப்பு என்னுது. அடுத்ததைப் போடு."

"அப்படி என்னதான் வெச்சிருந்தே? சும்மா சொல்லேன்" என்றான் டுவெய்ன்.

"பழைய பஸ் பாஸ்."

எழுந்து போய்விட மட்டும் மாட்டேன். அடுத்து வந்தது நாலும் ஒன்பதும். சுத்தக் குப்பை. ராஜாக்களை வைத்துக்கொண்டு புத்திசாலித்தனம் பண்ணி என்ன கிழித்தேன்? டுவெய்ன் மறுபடி ஒரு குவியலைத் தள்ளினான். சீட்டின் மேல் இடது உள்ளங்கையை அழுத்தி வைத்தேன்.

"மொத்தமும்" என்று சொல்லி, மிச்சமிருந்த வில்லைகளை முன்னால் தள்ளினேன். பிறகு பைக்குள் கைவிட்டு நட்டை எடுத்தேன்.

லைல் விலகினான். டுவெய்னும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே அத்தனை வில்லையும் எனக்குத்தான். இந்தத் தடவை கெண்ட்ரா என் கையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் சீட்டை மட்டும் எடுத்தாள். டுவெய்ன் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். நல்ல சீட்டுதான். முகத்திலேயே தெரிந்தது. வில்லைகளின் பக்கம் போன அவன் கை பாதியில் நின்றது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நட்டை உருட்டினேன், மெதுவாக, எப்போதும்போல.