பன்னிரண்டு பேரும் வந்தாச்சு

ஏழரை மணிக்குள் ஏலக்காய் எஸ்டேட்டின் கேட்டில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அரைநாள் சம்பளம் போச்சு. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் ஒருநாளாவது போடியிலிருந்து எங்கள் ஜீப்பில் பிதுங்கிக்கொண்டு மலை மெட்டு ஏறியிருந்தால் போட்டிருக்க மாட்டான். ஏழரை என்றாலே சனிதான். எங்களுக்கு அது டேப்லெட் உருவத்தில் வந்தது.

அந்த டேப்லெட்டைக் கம்பெனி எங்கள் சூப்பர்வைசர் பாண்டித்துரை அண்ணன் கையில் கொடுத்திருந்தது. வருகை எடுப்பதைத் தவிர அதில் எல்லாமே பூட்டு. கேட்டின் பக்கத்தில் நின்றால்தான் முகத்தையே அது ஏற்கும். அதனால் டிரைவர் வண்டியை விரட்டுவார். மழையோ பனியோ, ஒவ்வொரு வளைவிலும் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவோம். ஒருநாள் பின்சக்கரம் ஒன்று பள்ளத்துப் பக்கம் இறங்கிவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டில் நின்றபோது என் தங்கை கற்பகம்தான் பாண்டித்துரை அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணே, இந்தப் பூட்ட ஒடைக்க போடியில ஆளே இல்லையா?"

ஆள் இருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் பிரின்ஸ். 'ரூட்' பண்ணுவது என்று அதற்குப் பெயர் சொன்னான். டேப்லெட்டின் அடிமடியிலேயே கைவைத்துக் கம்பெனி பூட்டையெல்லாம் கழற்றினான். அது எங்கே இருந்தாலும் கேட்டில் இருப்பதாகச் சொல்லும்படி செய்துவிட்டான். ஆள் நேரில் இல்லாவிட்டாலும், உள்ளே ஏற்றி வைத்த படத்தையே முகம் என்று அது நம்பியது.

அதற்கப்புறம் மலையடிவாரத்தில், முந்தலில் டீ குடிக்கும்போதே பாண்டித்துரை அண்ணன் பன்னிரண்டு பேருக்கும் வருகை போட்டுவிடுவார். ஜீப்பு நிதானமாக ஏறும். கற்பகம் என் தோளில் சாய்ந்து தூங்கக்கூடச் செய்தாள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் படத்தைக் காட்டி வரவு வைத்துவிடுவார். அவள் பங்கையும் மற்றவர்கள் சேர்த்துப் பறித்துவிடுவோம். இதில் யார் குடி கெட்டது? எவனாவது வந்து சொல்லட்டும்.

அந்த ஆடியில் எனக்குக் காய்ச்சல். என் படத்தைக் காட்டிக்கொள்ளலாம், பேசாமல் படு என்று சொல்லிவிட்டுக் கற்பகம் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். நான் போகாத நாளில் எஸ்டேட்டில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுவாள். அன்று வரவில்லை. டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவளுக்குப் போட்டேன், பாண்டித்துரை அண்ணனுக்குப் போட்டேன். இரண்டும் போகவில்லை. எஸ்டேட் ஆபீசுக்கே போட்டேன்.

போனை எடுத்த கிளார்க் மலையாளத்துக்காரர். எங்கள் ஜீப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள், காட்டுக்குப் போயிருப்பார்கள் என்றார். ஆட்களை அவர்கள் கண்ணால் பார்ப்பது சாயங்காலம் காய் எடை போடும்போதுதான்.

"அய்யம்மாள் வந்திருக்காளா சார்?"

"உண்டு. பன்னிரண்டு பேரும் வந்தாச்சு."

உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் பிழைப்பிலும் மண். தெரிந்துதான் சொன்னேன்.

"சார், அய்யம்மா நாந்தான். போடியில எங்க வீட்ல கெடக்கேன். அந்த டேப்லெட்டு பொய் சொல்லுது. ஜீப்பு வரல சார். வெரசா ஆள விட்டுத் தேடுங்க."

அவர் நம்பவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டார். அந்த ஆள் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப்லெட்டைத் திறந்தது யார், எந்தக் கடை, எத்தனை மாதமாக நடக்கிறது, இன்னும் யார் யார் வராமல் சம்பளம் வாங்கினீர்கள் என்று துருவினான். ரோட்டை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் என்று அழுதேன். முதலில் இதைச் சொல், அப்புறம் பார்க்கலாம் என்றான். பிரின்ஸ் பெயரையும் சொன்னேன், பாவம். அப்படியும் போனை வைத்துவிட்டு, கம்பெனி தலைமை ஆபீசுக்குத்தான் முதலில் தகவல் சொல்லியிருக்கிறான்.

அவர்கள் தேடக் கிளம்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மெட்டுக்கு அப்பால் எஸ்டேட்டுக்குப் பிரியும் மண்ரோட்டில் எங்கள் ஜீப்பைத் தவிர வேறு வண்டி போகாது. அங்கேதான் சரிவு மொத்தமாக இறங்கி ஜீப்பைக் கீழே தள்ளியிருந்தது. டிரைவரும் பாண்டித்துரை அண்ணனும் விழுந்த இடத்திலேயே போய்விட்டார்கள். கற்பகத்தை மூன்றாவதாகக் கிடத்தினார்கள். அவள் உடம்பில் இன்னும் சூடு இருந்ததாகத் தூக்கியவர்கள் சொன்னார்கள்.

இரண்டு காலும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த எங்கள் ஜீப்புக்காரி முனியாயியைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அவளுக்கு இடுப்புக்குக் கீழ ஜீப்பு கெடந்துச்சு அய்யம்மா. ஆனா பேச்சு நிக்கல. நாங்க கத்துனோம். கத்தாதீங்கடி, நம்மள வந்தாச்சுன்னு போட்டாச்சு, ஒருத்தனும் தேட மாட்டான்னா. எங்கக்கா வீட்ல இருக்கா, அவ போன் போட்டுச் சொல்லிருவா, அதுவரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருங்கன்னா. மத்தியானம் வரைக்கும் இதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா."

"காலையிலயே சொல்லிட்டேன் முனியாயி," என்றேன். "அவய்ங்க கடைப் பேரக் கேட்டுக்கிட்டு இருந்தாய்ங்க."