இடது பொத்தான்

1

இந்தக் கதை என் தங்கை எனக்குப் போட்ட தடையிலிருந்து பிறந்தது. "என்னைப் பத்தி எழுது, பரவாயில்லை. ஆனா பாவம்னு மட்டும் எழுதினே, அண்ணன்னுகூடப் பார்க்க மாட்டேன்." ஆகவே பாவம் என்ற சொல் இனி இதில் வராது. (முதல் பத்தியிலேயே இரண்டு முறை வந்துவிட்டது. அது கணக்கில் சேராது.)

2

முதல் தொடக்கம்: விபத்துக்குப் பிறகு அவளுடைய இடது கை ஏதோ ஒரு

வேண்டாம். உவமை வாசலுக்கு வந்தால் அழுகையும் பின்னாலேயே வரும்.

இரண்டாவது தொடக்கம்: என் தங்கை லிஃப்ட் மெக்கானிக். ஸ்கூட்டர் விபத்தில் தோள் நரம்பு அறுந்ததிலிருந்து இடது கை அவள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இப்போது அதே கம்பெனியில் தொலைபேசி மேசை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து மணியை அழுத்தினால் இவள் குரல்தான் கேட்கும். "பதறாதீங்க. காத்து நல்லாவே வரும். ஆள் கிளம்பியாச்சு."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளுக்கும் அவள் கணவருக்கும் (எனக்கு அவர் மாப்பிள்ளை) ஒரு கார்ப் பந்தய வீடியோ விளையாட்டில் தீராத போட்டி. பழைய விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டி, சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து சண்டை. அதில் வளைவு வந்தால் கன்ட்ரோலரின் இடது பொத்தானை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் கார் சறுக்கித் திரும்பும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் இருவரும் ஓட்டினார்கள். இடது பொத்தானைத் தொடாமலே அவள் ஜெயித்தாள். மாப்பிள்ளையின் கார் கடைசி வளைவில் புல்லில் போய் நின்றிருந்தது. "பிரேக் பிடிக்கலை" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் மனிதர்.

தங்கை கன்ட்ரோலரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "நிஜமா தோக்கடிக்க ஆள் இல்லாத வீட்டுல எனக்கு என்ன விளையாட்டு?"

4

ஒரே கையால் ஓட்டும்படி மாற்ற அந்த விளையாட்டுப் பெட்டிக்குள் கை வைக்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டியைப் போலவே கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. எமுலேட்டர் என்பார்கள்.* முகம் தெரியாத பலர் சம்பளமில்லாமல் எழுதியது. அதன் மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தி, ஓடும் மென்பொருளாகத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். சமையலறையைத் திறந்தே வைத்திருக்கும் ஓட்டல் அது.

முதலில் அவள் ஆயத்தமாகக் கிடைத்த எமுலேட்டரை இறக்கிப் பார்த்தாள். இடது பொத்தானின் வேலையை வலது கைக்கு மாற்ற முடிந்தது. ஆனால் ஒரே கட்டைவிரல் காரையும் திருப்பி, பொத்தானையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. சரி, நாமே கட்டுவோம் என்று மூல நிரலை இறக்கினாள்.

கட்டுமானம் ஒவ்வொரு அடியிலும் நின்றது. இந்தத் துணைக் கோப்பு இல்லை என்றது. அதைக் கொடுத்தால் இன்னொன்றைக் கேட்டது. அவள் திரையைப் பார்த்துத் தன் தொலைபேசிக் குரலில், "பதறாதீங்க. ஆள் கிளம்பியாச்சு" என்றாள்.

* விளையாட்டின் டிஸ்க் சொந்தக் காசில் வாங்கியது. இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது தங்கையின் உத்தரவு.

5

இங்கே எனக்கே என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நிரல் எழுதியே பழகாதவள் இதைச் செய்வாளா? கதாபாத்திரம் பக்கத்து அறையில்தான் இருந்தது. போய்க் கேட்டேன்.

"லிஃப்ட் வர்ற வரைக்கும் பட்டனை அழுத்திக்கிட்டேவா நிக்கிறே அண்ணா? ஒரு தட்டுத் தட்டினா அதுவே ஞாபகம் வச்சுக்கும். அதைத்தான் இதுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். தட்டினா பிடி, மறுபடி தட்டினா விடு. எங்கே சொல்லணும்னு தேடத்தான் நாளாச்சு."

சந்தேகம் தீர்ந்தது.

6

ஒருவழியாக எமுலேட்டர் கட்டி முடிந்தது. திறந்தாள். தட்டினாள். பொத்தான் பிடிக்கவில்லை. நிரலைத் திருத்தினாள், மறுபடி கட்டினாள், திறந்தாள். அதே கதை. வார இறுதி முழுக்க இதே பாடு. கடைசியில் எரிச்சலில் வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கட்டினாள். அப்போதும் அது அழகாக ஓடியது.

"தப்பா எழுதியும் சரியா ஓடுதுன்னா..." என்று நிறுத்தினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

திரையில் இருந்த ஐகான் முதலில் இறக்கிய பழைய எமுலேட்டருடையது. இவள் கட்டியதெல்லாம் வேறொரு கோப்புறையில் யாரும் திறக்காமல் கிடந்தது.

"இந்த பில்டிங் லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு, பக்கத்து பில்டிங் லிஃப்டுல ஏறிப் பார்த்திருக்கேன்!"

(எனக்கும் அதே கோளாறுதான். எதிரே இந்தத் தங்கை உட்கார்ந்திருக்க, நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளையே திறந்து திறந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.)

தப்பைச் சரிசெய்து, புதியதைத் திறந்து, ஒரு தட்டுத் தட்டினாள். கார் வளைவு முழுக்கச் சறுக்கித் திரும்பியது. தன் திருத்தத்தை அந்த முகம் தெரியாதவர்களுக்கும் அனுப்பிவைத்தாள். ஏற்றுக்கொண்டார்கள். இனி யார் அந்த எமுலேட்டரை இறக்கினாலும் அமைப்புகளில் அந்த வசதி இருக்கும். என் பெருமையை அடக்கமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. என் தங்கை செய்தது. என் தங்கை!

7

பந்தயம். "விட்டுக் கொடுத்தீங்கன்னா தெரிஞ்சுடும்" என்றாள். "மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை. நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பையே வளைத்து ஓட்டினார். தெளிவாக ஜெயித்தார்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவளோ சோபாவிலிருந்து துள்ளி எழுந்தாள். "தோத்துட்டேன்! அண்ணா, நிஜமாவே தோத்துட்டேன்!"

"உன்னை ஜெயிச்சு எவ்ளோ நாளாச்சு" என்றார் மாப்பிள்ளை. அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு ஆட்டம். உட்காருங்க."

8

முடிவு ஒன்று: இரண்டாவது ஆட்டத்தில் அவள் மயிரிழையில் ஜெயிக்கிறாள். எழுதிக் காட்டினேன்.

படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "நீயும் காரைப் புல்லுல விட்டுட்டியே அண்ணா."

முடிவு இரண்டு: அவள் மறுபடியும் தோற்று, ஆனாலும்

இல்லை. 'ஆனாலும்' வந்தால் ஆறுதலும் வந்துவிடும்.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். கடைசி வளைவு. இரண்டு கார்களும் சமமாக வருகின்றன. அவள் கட்டைவிரல் தட்டத் தயாராக இருக்கிறது. மாப்பிள்ளையின் கன்ட்ரோலரை வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து விட்டுக் கொடுக்காதீர்கள், அவளுக்குத் தெரிந்துவிடும். முழு வேகத்தில் ஓட்டுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் நன்றாக ஓட்டுவாள்.