படலைச் சாத்தியவள்

1

இந்தக் கதை பொன்னேரியில் பல் பிடுங்கக் காத்திருந்தபோது பிறந்தது. அங்கே கிடந்த அறிவியல் பத்திரிகையில் தண்டுவடத்தைப் பற்றி ஒரு கட்டுரை. தண்டுவடத்தில் அடிபட்டால், கேடு அந்த அடியோடு நிற்பதில்லையாம். உதவிக்கென்று ஓடிவரும் இரத்தச் செல்களே கூட்டமாகக் குவிந்து பக்கத்து நல்ல நரம்பையும் கெடுத்துவிடுமாம். அதற்குப் பெயர் அழற்சி. அப்போது, அதுவரை நரம்புகளுக்கு இடையில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த தாங்குசெல்கள் காயத்தைச் சுற்றி வேலி கட்டுகின்றன. கூட்டத்தைக் கூப்பிடுவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு, அடக்குவதிலும் உண்டு.

படித்ததும் பல்வலி மறந்து அம்மணியின் ஞாபகம் வந்தது. (பொய். அம்மணி என்று யாரும் இல்லை. அந்த நிமிடத்தில்தான் உண்டாக்கினேன்.)

2

முதல் வரி: "பழவேற்காடு ஏரியில் சூரியன் பொன்னாக உருகி..." வேண்டாம். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

வருடம் 1981. தோணிரேவு கிராமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மணியின் புருஷன் தேசப்பன், ஏரியில் நட்டிருந்த கழியில் சிக்கிய வலையை எடுக்கப் போய், தோணி விளிம்பில் கால் வழுக்கி, கழி முனையில் முதுகு பட விழுந்து தண்ணீருக்குள் போனான். கூட இருந்தவன் அம்மணியின் தம்பி மாரி. அவன்தான் கரைக்கு இழுத்து வந்தான். தண்ணீர் குடித்தவனுக்கு அந்தக் குப்பத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தான்: தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு சுற்று சுற்றென்று சுற்றினான். தண்ணீர் வெளியே வந்தது. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

கால் போனது கழியாலா, சுற்றியதாலா? சென்னை ஆஸ்பத்திரி டாக்டரால் சொல்ல முடியவில்லை. கதை என்னுடையதுதான், ஆனால் எனக்கும் தெரியாது. நரம்பு முழுக்க அறுந்துவிடவில்லை, உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். தேசப்பன் கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடி ஏரிக்குப் போக முடியுமா?

3

வீட்டுக்கு வந்ததும் அழற்சி தொடங்கியது. (மனிதர்களைச் சொல்கிறேன்.) ஒருவர் எண்ணெய் தடவி முதுகை மிதிக்க வந்தார். இன்னும் சிலர், நிற்க வைத்துப் பார்க்கலாமே என்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். எல்லோரும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அம்மணி பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாசலின் ஓலைப் படலைச் சாத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழம்பு கொண்டுவந்தவர் கொடுத்துவிட்டுப் போகலாம். பேச வந்தவர் வெளியிலிருந்து பேசலாம். முதுகைத் தொட வந்தவர் வந்த வழியே திரும்பலாம். மாரியை மட்டும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனும் தினம் வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனான்.

(இந்த இடத்தில் அவளைத் தாங்குசெல் என்று எழுதியிருந்தேன். "இன்னா செல்லு?" என்று கேட்டிருப்பாள். எடுத்துவிட்டேன்.)

அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: அந்த வேலி தழும்பாகி நின்றுவிடும். நரம்பு மறுபடி வளராமல் மறிப்பதே அதுதான் என்று அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் பலர் அதைத் திட்டினார்கள். பின்னாளில் எலிகளில் வேலியை எழவிடாமல் செய்து பார்த்தபோது, அழற்சி பரவி நிலைமை இன்னும் மோசமானது. ஆகவே வேலி வேண்டும். ஆனால் அதற்காக என்றைக்குமே சாத்திய

[வாக்கியம் பாதியில் நிற்கிறது. மீதி அம்மணியின் கையில்.]

4

ஏரியில் வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பாடுக்காரன் தானே தோணியில் இருக்க வேண்டும், தொடர்ந்து வராதவனின் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும் என்பது என் குப்பத்து வழக்கம். தேசப்பனின் பாடு வந்தது. உள்ளேயிருந்து அவன் சொன்னான்: "அம்மணி, நான் போவணும்."

அவள் எழுந்து படலைத் திறந்தாள்.

"மாரி, உள்ள வா."

அவன் அசையவில்லை. "நான் தொடலக்கா. நான் தொட்டுதான் மாமாவுக்கு இப்டி ஆச்சு."

"அதான் உன்னக் கூப்புடறேன். ஊர்ல வேற எவனும் உன்னமாரி பயந்து பயந்து தூக்கமாட்டான். படுத்திருக்கற பலகையோட தூக்கு. முதுகு மடங்கக் கூடாது."

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைப்பானேன்.

5

முடிவு ஒன்று: தேசப்பன் எழுந்து நடக்கிறான். (சினிமா.)

முடிவு இரண்டு: ஒன்றும் நடக்கவில்லை. (இதற்கு என் மனம் ஒப்பவில்லை.)

நான் இவற்றுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தபோதே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். தேசப்பன் பலகையில் சாய்ந்து வலைக்கயிற்றைப் பிடித்திருக்கிறான். மாரி கோல் ஊன்றுகிறான். ஆழமில்லாத ஏரி; அம்மணி இடுப்பளவு தண்ணீரில், தோணியைப் பிடித்தபடி கூடவே நடக்கிறாள். வலை ஏறியது. இறால் துள்ள, ஈர வலை தேசப்பனின் இடுப்பிலிருந்து பாதம்வரை சரிந்து விழுந்தது.

"சில்லுனு கீது," என்றான்.

மாரியின் கோல் நின்றுவிட்டது.

"எங்க?" என்றாள் அம்மணி.

நான் பேனாவை மூடிவிட்டேன். இடுப்பிலா, மரத்துப்போன பாதத்திலா? என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அவள் கேட்டது என்னை அல்ல. தண்ணீரில் நின்றபடி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். சொல்லுங்கள்.